ஹவுள் மீன்களின் காவல்

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தையற்காரர் மஜீட் தன் வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னாலுள்ள மீன்குளத்தைச் சுற்றி வருகிறார். குந்தி அளக்கிறார், எழும்புகிறார், திரும்பவும் அதே மூலையை அளக்கிறார். கல்முனைக்குடியில் அவரிடம் உடுப்புத் தைத்தவர்களுக்கு இது புதினமில்லை. அளந்து முடித்து ஆளை அனுப்பிய பிறகும் வாசல் படலைவரை வந்து தோளை இன்னொருமுறை அளப்பார். “துணிய வெட்டின பொறகு அழுது என்ன வேல?” என்பார்.

குளத்திலுள்ள மீன்கள் அவருடையவை அல்ல. பள்ளிவாசலில் தொழ வருபவர்கள் முகம் கை கால் கழுவி ஒளு எடுக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். வேலை இன்னும் இழுபடுகிறது. அதில் கிடந்த கெண்டைகளை அது முடியும்வரை பார்த்துக்கொள்ளும்படி அமானிதமாக மஜீட்டிடம் ஒப்படைத்தார்கள். அமானிதம் என்றால் பதில் சொல்ல வேண்டும். பள்ளி நிருவாகத்துக்கு மட்டுமல்ல.

போன மாரியில்தான் மானம் போனது. குளம் நிரம்பினால் மீன்கள் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் ஓடிவிடும் என்று பயந்து, கடற்தொழில் செய்யும் கனகசிங்கத்திடம் பழைய வலையொன்றை வாங்கிச் சுற்றிக் கட்டினார். விடிந்து பார்த்தால், வெள்ளத்தோடு வெளியேறப் பார்த்த சில கெண்டைகள் செவுள் மாட்டிச் செத்துக் கிடந்தன.

கனகசிங்கம் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

“மஜீட் நானா, அது மீன் பிடிக்கிற வலதானே. அதுட வேலைய அது செஞ்சிரிக்கி.”

ஊரெல்லாம் சிரித்தது.

இந்த மாரிக்கு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடியில் ஊறிய இலைகளை அள்ளிக் கொட்டினார். மேலே சாய்ந்து நின்ற தென்னோலைகளை வெட்டுவித்தார். மிஞ்சும் தண்ணீர் வடிய விளிம்புக்குக் கீழே குழாய் வைத்து, அதன் வாய்க்கு வலைத்துணியில் அகலமான பையொன்று தைத்து மாட்டினார். பிறகு குளத்தைச் சுற்றி நெஞ்சளவு உயரத்துக்கு வலை மறைப்பு. மேலும் கீழும் கயிறு கோத்து இரட்டைத் தையல்.

“எங்கட கட்டிலு நுளம்பு வல எங்க?” என்று மனைவி நிப்லா கேட்டார்.

“மீனுக்கு.”

“அப்ப நுளம்பு எங்களக் கடிக்கலாமா?”

“நாம அமானிதம் இல்லியே.”

பள்ளித் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியாருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மழை ஊற்றத் தொடங்கிய பின்னேரம், குடையும் பெரிய வாளியுமாக வந்து நின்றார்.

“இந்த முற ஒண்டையும் இழக்க ஏலா, மஜீட். மீனெல்லாம் கொண்டுபெய்த்து என்ட தொட்டில உடுறன்.”

மஜீட் அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். குளம் முட்ட நிரம்பியிருந்தது. குழாய் குபுகுபுவென்று கானுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. மழைத்துளி விழுந்த இடமெல்லாம் கெண்டைகள் வாயைத் திறந்து மேலே வந்தன. ஹாஜியார் குனிந்து வலையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“தையல் விட்டுராதா?”

“பெருநாளைக்குத் தச்ச சறுவால் விட்டுச்சா, ஹாஜியார்?”

அப்போது மழைக்குள்ளால் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மஜீட் குளத்தோர வலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். மற்றக் கையால் ஹாஜியாரிடமிருந்து வாளியை வாங்கினார்.

“இதில குந்துங்க, குளத்தில ஒளு எடுங்க” என்றபடி வாளியைக் கரையில் கவிழ்த்து வைத்தார்.