டவர் கிடைக்காத இடம்

ராஜபாளையத்திலிருந்து பிளவக்கல் அணைக்கு என்னை அழைத்துப்போன டாக்சி டிரைவருக்கு நரைத்த மீசை. புதுக் காரின் தொடுதிரையை அடிக்கடி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அணைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டினார்.

“இதுக்கு மேல டவர் கிடைக்காது தாயி. பட்டாளத்துல இருக்க மவன் வாரம் ஒருக்கா, இந்த நேரத்துலதான் கூப்பிடுவான். செத்த நேரம் நிப்போம்.”

“மழை வந்துரும் அண்ணாச்சி, போங்க.”

“மழையில்லன்னுல்லா திரையில காட்டுது!”

நான் நம்பவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அவசரப்படுத்தினேன், வண்டியை எடுத்துவிட்டார்.

மழை பெய்யவேயில்லை. திரும்பி வரும்போது அதே இடத்தில், மகன் மூன்று முறை கூப்பிட்டிருந்ததாகத் திரையில் தகவல் வந்தது. இவர் கூப்பிட்டார். மகனுடைய போன் அணைந்திருந்தது.

“விடுங்க தாயி, அடுத்த வாரம் பேசிக்கிடலாம்” என்று திரையைத் துடைத்தார்.

அடுத்த வாரம் பேசினானா என்று கேட்க, அவர் நம்பரைக்கூட நான் வாங்கிக்கொள்ளவில்லை.