அஞ்சு மணி பஸ்ஸில் ஓட்டு கேட்டோம்

காலை அஞ்சு மணி கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே தேங்காய் எண்ணெய் வாசனை முகத்தில் அடிக்கும். பின்னாலேயே டிபன் பாக்ஸிலிருந்து கசியும் புளிசாதம்... ஈரத் தலையோடு நாற்பது பெண்கள். பாதிப் பேர் தூங்குவோம். மீதிப் பேர் தலை வாருவார்கள்.

வல்லம் வடகால் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னியாகச் சேர்ந்த புதுசு. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கம்பெனிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறு பேர் ஒரே ரூமில் வாடகைக்கு இருந்தோம்.

எங்கள் லைனில் குவாலிட்டி பார்த்தவர் எஸ்தர் அக்கா. அந்தக் கிராமத்துக் காலனிக்காரர். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர்த் தெரு முழுக்க டியூப் லைட் எரியும். தெரு முடிகிற இடத்தில் கம்பமும் முடிந்துவிடும். அதற்கு மேல் காலனிப் பாதை இருட்டு. செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி வரும் பெண்கள் போன் வெளிச்சத்தில் கைகோத்து நடப்பார்கள்.

கரண்ட்டுக்கும் சாதி தெரியும் போல.

அந்த வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலில் ஊர்த் தெருவும் காலனியும் சேர்ந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதுவரை மெம்பராக இருந்தவர் அசரவே இல்லை, மனைவியை நிறுத்திவிட்டார். போஸ்டரில் அவர் படம் ஆளுயரம், அந்தம்மா படம் ஸ்டாம்ப் சைஸ். ஓட்டு கேட்டு வந்ததும் அவரேதான்.

ஒரு நாள் பஸ்ஸில் எஸ்தர் அக்கா சொன்னார். "நானும் நிக்கப் போறேண்டி. அந்த லைட்ட நாமளே போட்டுக்கலாம்."

"ஏக்கா, மாமா என்ன சொல்லுதாக?"

"அதுவா... 'ஓட்டு கேக்க எல்லாம் வர மாட்டேன், வெக்கமா கீது. சோறு வேணா ஆக்கி வெக்கறேன்'னுச்சி. அது போதும்டி எனக்கு."

பஸ்ஸே சிரித்தது.

அக்காவுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. டீக்கடையில் மெம்பர் கேலி பேசினார். "சீப்ப வெச்சிகினு இன்னா பண்ணும்? ஊருக்கே தலை வாரி விடுமா?"

ஆனால் அவர் ஒரு தப்பு பண்ணினார். பகலில் வீடு வீடாகப் போனார். பகலில் வீட்டில் இருந்தது ஆம்பளைகளும் வயசானவர்களும்தான். வேலைக்குப் போகிற பெண்களை எண்ணவே இல்லை. அவர்கள் எல்லாரும் எங்கள் ஸ்டாப்பில் விடிகாலையில் நின்றார்கள்.

அங்கே நாலு கம்பெனி பஸ் வரும். நாலிலும் ஏறி இறங்கினோம். "டைம் ஆவுது, எறங்கு தலைவி!" என்று டிரைவர் கத்துவார். எனக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது. வாடகை வாங்குவார்கள், வரிசையில் சேர்க்க மாட்டார்கள். இருந்தாலும் நோட்டீஸ் எழுதியது நான்தான்.

ஓட்டுப் போடும் நாளில் லீவு விட வேண்டும். எங்கள் சூப்பர்வைசருக்கு டார்கெட் ஒன்றுதான் சட்டம். "ரெண்டு மணிக்கு முடிச்சிட்டு போய் போடுங்கம்மா" என்றுவிட்டார்.

ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால் அக்காவுக்கு மாமாவின் மிஸ்டு கால் ஏழு. திருப்பிக் கூப்பிட்டார்.

"எஸ்தரு, காலைலருந்து அவுங்க ஆளுங்கதான் போட்டுனுகிறாங்க. மாலைகூட வாங்கியாந்துட்டாங்க..."

அக்கா வழி முழுக்கப் பஸ் படியிலேயே நின்று வந்தார்.

பஸ் நின்றதும் பூத் இருந்த ஸ்கூலுக்கு ஓடினோம். மற்ற பஸ்களும் வந்து சேர, யூனிபார்ம் போட்ட வரிசை கேட்டைத் தாண்டி நீண்டது. நான் கேட்டுக்கு வெளியே லஞ்ச் பைகளுக்குக் காவல். எட்டு மணி நேரம் தொப்பிக்குள் கிடந்த தலைகள்... சத்தியமாக யாரும் திட்டம் போடவில்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொருத்தியும் சீப்பை எடுத்து வார ஆரம்பித்தாள்.

மெம்பரின் ஏஜென்ட் பாய்ந்து வந்தார். "சார்! சின்னத்தக் காட்டி ஓட்டு கேக்குறாங்க சார்!"

"பரட்டத் தலையோடதான் ஓட்டு போடணும்னு ரூல் கீதா சார்?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாரும் உள்ள வெச்சிருங்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் ஏஜென்ட்டின் பேன்ட் பாக்கெட்டைப் பார்த்தார். "யோவ், நீயும்தான்யா. உள்ள தள்ளு."

பாக்கெட்டில் எட்டிப் பார்த்தது ஒரு கறுப்புச் சீப்பு!

பதினோரு ஓட்டில் அக்கா ஜெயித்தார். மறுநாள் எங்கள் டிரைவர் கம்பெனி கேட் வரைக்கும் ஹாரனில் பாட்டு வாசித்தார். பஞ்சாயத்து ஆபீஸுக்கு அக்கா முதல் தடவை போனபோது, "வூட்டுக்காரரு வரலையா?" என்று கேட்டார்களாம்.

"அது சோறு ஆக்கினுகீது. இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லுங்க."

இப்போது நான் மண்ணூர் பக்கம் வேறு கம்பெனி. ரூமும் ஸ்டாப்பும் அதேதான். காலனி வரை லைட் வந்துவிட்டது. ஸ்டாப்பில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இன்னும் வரவில்லை, அதற்கு அக்காவோடு மாதம் ஒரு சண்டை. பஸ்ஸில் எல்லார் காதிலும் இயர்போன். நாற்பது பேர் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகிறது...

அடுத்த தேர்தல் பேச்சு கிளம்பிவிட்டது. போன வாரம் அஞ்சு மணிக்கு ஸ்டாப்பில் ஊர்த் தெருக்காரர் ஒருத்தர் நோட்டீஸோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சிங்களா, நம்ம வூட்டம்மா நிக்குது. பாத்துப் போடுங்க."

புதுசாக வந்த டிரெய்னிப் பெண் ஒருத்தி இயர்போனைக் கழற்றினாள். "அவங்கள வரச் சொல்லுங்கண்ணே. அவங்ககிட்ட பேசிக்கிறோம்."

மறுநாள் அந்த அம்மாவே வந்தார். தனியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பஸ்ஸோரமாக வந்து ஆளுக்கொரு நோட்டீஸ் நீட்டினார். "கக்கூஸ் எப்போ வரும்?" என்று ஜன்னலிலிருந்து கேட்டோம்.

"தெரியல. கேட்டுனு வந்து சொல்றேன்" என்றார்.

ரெண்டு நாள் கழித்து வந்தார். அந்த இடம் யாருடையது, எந்த ஆபீஸில் கையெழுத்து நிற்கிறது... எல்லாம் ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தார்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அய்யய்யோ, போட்டி பலமா கீதேடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

என் ஓட்டை இந்த ஊருக்கு மாற்றியாகிவிட்டது. யாருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை. ரெண்டு நல்ல பெண்களுக்கு நடுவில் குழம்பி நிற்பது இதுதான் முதல் தடவை... நல்லாத்தான் இருக்கு.