உப்புத் தண்ணீருக்கான போல்ட்

2009 ஏப்ரல் 28. இன்று கனடாவின் ஸ்காபரோவில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கராஜில் இரட்டைத் தோணிப் பாய்க்கப்பல் கட்டும் எங்கள் பக்கத்து வீட்டு ரவியண்ணை, துத்தநாகம் பூசிய மலிவான கல்வனைஸ் போல்டை நிராகரித்து, உப்பில் துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ்தான் வேண்டும் என்றார்.

படகுச் சாமான் கடையில் நானும் கூட நின்றேன்.

"அண்ணை, ஒன்ராறியோ ஏரியில உப்பில்லை. உந்தக் கல்வனைஸே காணும்."

"ஏரிக்கு ஆர் கட்டுறது? தங்கச்சியும் பிள்ளையளும் முள்ளிவாய்க்கால் கரையில நிக்கினம். செல்லடிக்குள்ள இருந்து அவையை ஏத்த ஒரு கப்பலும் போகேல்லை. நான் போறன்."

"பாய்க்கப்பலிலயோ?"

"பின்ன, நீர் பிளேன் அனுப்புறீரோ?"

அங்கு நின்றே தங்கச்சிக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் மணியே அடிக்கவில்லை.

அண்ணைக்குப் பாய் விரிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதலாம்.

கடலுக்கான போல்ட் வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆகும் என்றார் கடைக்காரர். அண்ணை ஓடர் கொடுத்தார்.