சுவருக்குள் மேளக்காரர்

அவரை ஊரே 'விசில்' என்றுதான் கூப்பிடும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் போனாலும் வாய் போகவில்லையே, அதை நம்பி ஒரு சுற்றுலா நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. நகரத்தின் இசைப் பெருமையைச் சுற்றிக் காட்டும் வேலை. சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதில் பாட்டு வாத்தியார் அவரை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து கேட்கச் சொன்னார்; கொஞ்ச நாளில் ஜன்னலையும் சாத்திவிட்டார்.

ஆனால் கூட்டத்தை மேய்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடப்பார். நடுவில் பழக்க தோஷத்தில், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்பார். பாடகி பிறந்த மாடி, இசைத்தட்டுக் கடை, கச்சேரி அரங்கம் எல்லாம் முடிந்து, பெரிய மேளக்காரர் ஒருவர் குடியிருந்த வீட்டின் சந்தில் கொண்டுவந்து நிறுத்துவார். எல்லாரும் சுவரில் காதை வைக்க வேண்டும். வைத்தால் உள்ளே தடதடவென்று கேட்கும்.

"ஆள் போய்ச் சேர்ந்துட்டாரு. அடிச்ச அடி இன்னும் சுவத்துல அடங்கல" என்பார். கேட்டவர்களுக்குப் புல்லரித்துப் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்காவின் சலவைக்கடை. அங்கிருந்த பழைய வாஷிங் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. ஈரத்துணியோடு சுற்றும்போதெல்லாம் சுவரில் போய் முட்டும். மேளம் அவ்வளவுதான்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, காதில் மாட்டினால் தானே கதை சொல்லும் கருவி ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்குவதா, விசிலை வைத்துக்கொள்வதா என்று கூடவே நடந்து பார்த்து முடிவு செய்ய முதலாளியம்மா கிளம்பிவிட்டார். வேலை போனால் வீட்டில் உட்கார வேண்டும். அங்கே பேசுவது மனைவியின் இலாகா. இவர் வாயைத் திறக்கவே முடியாது.

அன்று காலை, சரியான நேரத்தில் மெஷினைப் போடச் சொல்ல அக்காவிடம் ஓடினார். கடையில் புத்தம்புது மெஷின் ஒன்று, பூனை தூங்குவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"பழசு எங்கக்கா?"

"இரும்புக்காரன்கிட்ட தள்ளிட்டேன். இது மூச்சே விடல பாரு."

மூச்சு நின்றது தம்பிக்கு. அவர் கெஞ்சிக் கூத்தாடியதில் அக்கா இறங்கிவந்தாள். துணி துவைக்கும் கட்டையால் சுவரைத் தானே தட்டுவதாக ஏற்பாடு. சந்தில் அவர் இருமினால் அடிக்க வேண்டும். மறுபடி இருமினால் நிறுத்த வேண்டும்.

முதலாளியம்மா சந்துக்கு வந்து சுவரில் காதை வைத்தார். விசில் இருமினார். மேளம் தொடங்கியது. தாளம் கொஞ்சம் நொண்டியது. வயசான மேளக்காரர் என்று தள்ளிவிடலாம். முதலாளியம்மாவின் முகம் மலர்ந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து தொலைத்தார். மேளம் நின்றது. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

"அந்தக் கறை நீங்க குடுக்கும்போதே இருந்துச்சு சார். கொஞ்சம் இருங்க, என் தம்பி பொழப்புக்காகச் சுவத்த அடிச்சிட்டிருக்கேன். அவன் இருமட்டும்."

விசிலுக்குப் பயத்தில் நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. இருமினார், மேளம் அடித்தது. இருமினார், நின்றது. அவரால் இருமலை நிறுத்த முடியவில்லை. அக்காவும் சொன்ன சொல் தவறாதவள்.

முதலாளியம்மா சிரித்துச் சிரித்துச் சுவரிலேயே சாய்ந்துவிட்டார். ஒருவழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கருவி வேணாம். அதுக்கு அக்கா கிடையாது" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் புளுகு கூடாது, இந்தச் சந்தில் நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும்.

விசிலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்லிவருகிறார். முதலாளியம்மா சிரித்த சிரிப்பில், சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சாய்ந்தன என்பதுவரை இப்போது வந்திருக்கிறது.