அப்பா பாடி முடிக்கும்வரை

எங்கள் சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் அப்பாதான். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், கம்பங்காடுகளுக்கு நடுவே ஓடு போட்ட சின்னக் கிறிஸ்தவக் கோயில் அது. ஆர்மோனியம் கிடையாது. உபதேசியார் கீர்த்தனையின் எண்ணைச் சொன்னதும் அப்பா முதல் அடியைப் பாடுவார். பாய்களில் உட்கார்ந்திருக்கும் நாற்பது ஐம்பது பேரும் பிடித்துக்கொள்வார்கள். உபதேசியாருக்கு வேதம் தெரிந்த அளவுக்குச் சுருதி தெரியாது. அப்பா வராத ஞாயிறுகளில் ஒரே பாட்டை மூன்று ராகத்தில் கேட்கலாம்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை ஒன்று வெடித்தது. அப்பா இரண்டு அறை தள்ளி இருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது இரண்டும் போய்விட்டன.

"ஆண்டவரு காதத்தான எடுத்தாரு, ஆள விட்டு வச்சிருக்காருல்ல" என்று, பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

காது கேட்காதவரை மருந்துப் பக்கம் விட மாட்டார்கள். ஓடு என்று கத்தினால் கேட்காதே. காகிதக் குழாய் உருட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கூலி பாதியானது. அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். மூன்று வேளைச் சாப்பாடு இரண்டு வேளைக் கூழாயிற்று. ஆனாலும் விளக்கு வைத்ததும் அப்பா முழங்கால் போட்டு, "கண்ணுக்கு ஸ்தோத்திரம், கைக்கு ஸ்தோத்திரம், இன்னைக்குக் கெடச்ச கூழுக்கு ஸ்தோத்திரம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். காதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். திரும்பத் தா என்று கேட்கவும் மாட்டார்.

அதெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. கோயிலில் அவர் பாடியதுதான் கஷ்டமாக இருந்தது. பழையபடி முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளின் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார். சத்தம் இரண்டு மடங்கு. எல்லோரும் அடியை முடித்த பிறகும் அரை அடி அவரிடம் பாக்கி இருக்கும். அதை அவர் தனியாக, கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு பாடி முடிப்பார். என் வயதுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என் இடுப்பில் இடித்து, "ஒங்க அய்யா இன்னும் முடிக்கல" என்றாள்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே அப்பாவிடம் எதைச் சொல்ல வேண்டும் என்றாலும் என் சிலேட்டில் நான்தான் எழுதிக் காட்டுவேன். அன்று வீட்டுக்கு வந்ததும் நானாகவே எழுதினேன்: "கோயிலில் பாடாதீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

அப்பா படித்தார். இரண்டாம் தடவையும் படித்த மாதிரி இருந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு, என் தலையைத் தடவி, சரி என்பதுபோல் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு அவர் வாயைத் திறக்கவில்லை. உபதேசியார் வீட்டுக்கே வந்து, என்னிடம் சிலேட்டை வாங்கி, ஏன் பாடவில்லை என்று எழுதிக் கேட்டார். "தொண்ட கட்டிக்கிருச்சுய்யா" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதைவிட, சாயங்கால ஜெபம்தான் என்னை வாட்டியது. தன் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதே. அதற்குப் பயந்து குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. எதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

ஆறு வாரம் அப்படிப் போனது. பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளுக்கு இரண்டு படி கம்பு, வத்தல், பூசணிக்காய் என்று கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியே அசனத்துக்கு, சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, சோறு வெந்துகொண்டிருந்தது. உபதேசியார் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். யாரும் ஆரம்பிக்கவில்லை. கோயிலே அப்பாவைப் பார்த்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

நான் பிள்ளைகளின் நடுவிலிருந்து எழுந்து ஓடினேன். ஆண்கள் பக்கம் போய் அவரை ஒட்டி உட்கார்ந்து, புத்தகத்தில் பாட்டை எடுத்து விரலால் காட்டினேன். அவர் உள்ளங்கையை விரித்து அதில் தாளம் தட்டினேன். அப்பா பாடினார். அன்று ஒரு அடிகூடப் பிந்தவில்லை. எல்லோரோடும் ஆரம்பித்து எல்லோரோடும் முடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மூன்று வருசம் ஞாயிறு தவறாமல் அப்பா கையில் தாளம் போட்டேன். என் விரலால்தான் அப்பா தப்பாமல் பாடுகிறார் என்று எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

ஆறாம் வகுப்புக்கு என்னை விருதுநகரில் விடுதியில் சேர்த்தார்கள். முதல் ஞாயிறு, அங்குள்ள கோயிலில் எனக்கு மனப்பாடமான கீர்த்தனை. நிம்மதியாகப் பாடினேன். எல்லோரும் அடியை முடித்துவிட்டார்கள். நான் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த அடியிலும் அதேதான். இவர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவுக சரியாத்தான் பாடுறாக. நாமதான் மெதுவாப் பாடுறோம். ஒங்கய்யா வாயப் பாத்துப் பாடுங்க, அவரு முடிச்சதும் முடிங்கன்னு அசனத்துக்கு முந்துன வாரமே உபதேசியாரு எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர வச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. அவருக்குக் கேக்கவா செய்யும்? ஒன்னையத்தான் தண்ணி மோந்துட்டு வரச் சொல்லி வெளிய அனுப்புனோம்."

"அப்ப நான் போட்ட தாளம்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, தாயி" என்றாள் அம்மா.

அந்த ஞாயிறு நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு உபதேசியாரே புத்தகத்தில் பாட்டைக் காட்டினார். பாடாமல் சுற்றிலும் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரிகள், வயல்வேலைக்காரர்கள், என் இடுப்பில் இடித்தவள்கூட, எல்லோரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் அடிக்கு முன்னால் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். கோயில் மொத்தமும் அவரோடு மூச்சு வாங்கியது.