பிளகின் இல்லாத கல்யாணம்

அக்காவின் கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் குவைத்தில் வேலை பார்த்தான். போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி பரவாத காலம் அது. "அவன் இல்லாம என்ன கல்யாணம், தள்ளிப் போடுவோம்" என்று அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். சர்ச்சில் நடப்பதை அவன் அங்கிருந்தே பார்க்கும்படி நான் செய்கிறேன் என்றேன். இணையதளம் கட்டுவதுதான் எனக்குத் தொழில்.

தக்கலையிலிருந்து வந்த வீடியோக்காரர் தன்னிடம் எல்லாம் தயார் என்றார். நான்கு நாள் முன்னதாகச் சோதித்தோம். அண்ணனின் திரையில் படத்துக்குப் பதிலாக, பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்லி ஒரு கட்டம் வந்து நின்றது.

"ஏட்டி, இது ஆபீஸ் கம்ப்யூட்டர். ஒண்ணும் ஏத்த விடமாட்டாவ" என்றான் அண்ணன் போனில்.

"எல்லாரும் இத வச்சிதான் பாக்காவ, தங்கச்சி. வேற வழி கிடையாது" என்றார் வீடியோக்காரர்.

வேறு வழி இருப்பது எனக்குத் தெரியும். பிளகின் இல்லாமல் வீடியோவைத் தானாகவே ஓட்டும் திறன் பிரவுசருக்கு அப்போதே வந்திருந்தது. கேமராவின் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைத்தால் போதும். பிரவுசர் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக் காட்டும். இரண்டு நாளில் அதற்கான இணையப் பக்கத்தை எழுதி முடித்தேன். அண்ணன் அதன் முகவரியைத் தட்டினான். எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில் துணி ஆடுவது அவனுக்குத் தெரிந்தது. "துணி காயுது" என்றான். அதன்பிறகு அப்பா தேதியைப் பற்றிப் பேசவில்லை.

கல்யாணத்தன்று போனில் அவனோடு பேசியபடியே லேப்டாப் பக்கத்தில் நின்றேன். படம் அவனுக்கு இருபது நொடி பிந்திப் போய்ச் சேரும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டினார். போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் போனில் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தெரியுதா?" என்றேன் மெதுவாக.

"நல்லா தெரியுது. அம்மைக்க சேலை தோள்ல ஊக்கு கழண்டு கெடக்கு, போய்க் குத்து."

போய்ப் பார்த்தேன். கழன்றுதான் கிடந்தது. குத்தும்போது, யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். "அண்ணன்" என்றேன். அவள் கேமராவைத் திரும்பிப் பார்த்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் வீடியோக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் கருங்கல் ஊர்ல ஒரு கல்யாணம் இருக்கு, தங்கச்சி. பொண்ணுக்க தம்பி துபாயில. அந்தப் பக்கத்த எனக்கும் எழுதித் தாரியா?"

"தாரேன்" என்றேன்.