பின் சீட்டில் யாரும் இல்லை

இதை நம்பாதவர்கள் என் இடது தோளில் இருக்கும் பதினாறு தையல்களைப் பார்த்துக்கொள்ளலாம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ஆண்ட்ரூஸ். பைலட். போன வருடம் ஏப்ரலில், மரக்காணம் உப்பளங்களை மேலிருந்து படம் எடுக்கும் வேலைக்காக ஒரு பழைய சின்ன விமானத்தை அங்கே கொண்டுபோனேன். முன்னும் பின்னுமாக இரண்டே சீட். இந்த வகையில் இரண்டு சீட்டுக்கும் பெடல் உண்டு; ஒன்றை மிதித்தால் மற்றதும் அசையும். நான் மட்டும்தான் வந்தேன். வாலுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்த வகை அது. இறங்கி ஓடும்போது பக்கக் காற்று அடித்தால் வால் சுழன்றுவிடும். பெடலை மிதித்து நேராகப் பிடிக்க வேண்டும்.

மாலை 4.52. உப்பளத்தை ஒட்டிய தனியார் ஓடுதளம். கீழே நின்றிருந்த உதவியாள் சுரேஷ் வாக்கி டாக்கியில் கத்தினான்.

"சார், கடல் காத்து குறுக்க அடிக்குது! புதுச்சேரிக்கே போயிடுங்க!"

"ஒரு வாட்டி பார்க்கிறேன்ப்பா."

சக்கரம் தரையைத் தொட்டது. விமானத்தின் மூக்கு வலப்பக்கம், கடலை நோக்கித் திரும்பத் தொடங்கியது. இடது பெடலை மிதித்தேன்.

பெடல் என்னைத் திருப்பி உதைத்தது.

அது காற்று இல்லை... ஒரு கால். அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. முழு பலத்தோடு மிதித்தேன். என் காதுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்து முனகும் சத்தம்...

டமார்!

வால் சுழன்றது. இடது இறக்கை தரையில் குத்தி முறிந்தது. கண்ணாடி வெடித்துத் தோளைக் கிழித்தது. விமானம் தலைகீழாக உப்புப் பாத்திக்குள் விழுந்தது.

வாயில் ரத்தம். உப்புத் தண்ணீர். பெட்ரோல் வாடை. பெல்ட்டில் தொங்கினேன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த வேலம்மாள் என்ற பெண் ஓடிவந்தார். பெல்ட்டை எப்படியோ கழற்றி, என்னைத் தரதரவென்று இழுத்து வரப்பில் போட்டார். உடனே திரும்பி ஓடினார்.

"அம்மா, போகாதீங்க!"

"பின்னாடி ஒருத்தர் மாட்டிக்கினு இருக்காரு சார்! கை நீட்றாரு!"

"யாரும் இல்லம்மா..."

வேலம்மாள் கையை உள்ளே விட்டார்.

"ஐயோ... விட மாட்றாரே!"

4.55. தீப்பிடித்தது.

ஓடிவந்த சுரேஷ்தான் வேலம்மாளைப் பிடுங்கி எடுத்தான்.

கருகிய விமானத்தில் யாருடைய உடலும் கிடைக்கவில்லை. பின் சீட்டின் பெடல்களை இரண்டு வருடத்துக்கு முன்பே கழற்றிவிட்டதாக மெக்கானிக் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலம்மாளின் கையில் இருந்த கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வெந்துபோயிருந்தது.

மணிக்கட்டில் மட்டும் வேகவில்லை.

ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்த அளவுக்கு... தோல் அப்படியே இருந்தது.